அம்பின் முன்பாரம்: எவ்வளவு கூட்டலாம், எங்கே நிறுத்தலாம்?

#1 புதுநாண்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 60 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்ட் வில் (கப்பிகள் பொருத்தியது). அம்புகள் 28 அங்குலக் கார்பன் தண்டு, ஸ்பைன் (தண்டின் விறைப்பளவு) 400. அலுமினிய இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் குழல்) 16 கிரெய்ன், முனை 100 கிரெய்ன். (கிரெய்ன் என்பது அம்புக்குப் பயன்படும் சிறு எடை அளவு.) இறகும் நாக்கும் (நாணில் பொருந்தும் பின்முனை, 'நாக்') சேர்த்து மொத்தம் 388 கிரெய்ன் வருகிறது. மானுக்கு இதுவே போதுமாக இருந்தது. இனி காட்டுப்பன்றிக்கும் உரிமம் வாங்கியிருக்கிறேன். கிடாப்பன்றியின் தோள்மேல் கவசம்போல் படர்ந்திருக்கும் தடித்த தோலையும் அதன் அடியில் உள்ள எலும்பையும் நினைத்தால் இந்த அம்பின்மேல் நம்பிக்கை வரவில்லை.

உடன் வேட்டைக்கு வருகிறவர்கள், "அலுமினிய இன்சர்ட்டை எடுத்துவிட்டு 100 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் போடு, முன்பாரம் (அம்பின் முன்பக்க எடை) கூடினால் எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். இரண்டு கேள்விகள். இதே தண்டில் இன்சர்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா? ஆழமாகப் பாய வைப்பது முன்பாரமா, அல்லது மொத்த எடை கூடுவதுதானா?

#2 கூர்முனை

முதலில் உங்கள் அம்பு இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். நாக்கில் நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து தண்டின் முன் விளிம்பு வரை அளந்தால் 28 அங்குலம். முனை இந்த அளவில் சேராது. அம்பை ஒரு கத்தி விளிம்பின்மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பள்ளத்திலிருந்து அந்தக் குறி வரையுள்ள நீளத்திலிருந்து பாதி நீளமான 14-ஐக் கழித்து, வருவதை 28-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் எஃப்ஓசி, அதாவது முன்பாரத்தின் சதவீத அளவு.

தண்டு 238, நாக் 10, இறகுகள் 24, இன்சர்ட் 16, முனை 100 என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன். சமநிலைப் புள்ளி ஏறத்தாழ 17.3 அங்குலத்தில் விழுகிறது, எஃப்ஓசி 11.6 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது ஈஸ்டன் நிறுவனம் தருகிற பரிந்துரை. ஆகவே உங்கள் அம்பில் முன்பாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

100 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் போட்டால் மொத்த எடை 472 ஆகும், எஃப்ஓசி 18 சதவீதத்தைத் தொடும். அதன்மேல் முனையையும் 200 ஆக்கினால் 572 கிரெய்ன், 24 சதவீதம். இது கணக்கு மட்டும். அந்த அம்பு உங்கள் வில்லில் நேராகப் பறக்குமா என்பதைக் கணக்கு சொல்லாது.

#3 நேர்கோடு

தேவையில்லாத தலைவலி, நண்பரே. 60 பவுண்டு காம்பவுண்ட் வில்லும் கூர்மையான பிராட்ஹெட்டும் (அலகுள்ள வேட்டை முனை) போதும். எடையைக் கூட்டக் கூட வேகம் குறையும், வேகம் குறைந்தால் அம்பு தாழும், தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலே வயிற்றில் பட்டுவிடும். நுரையீரலில் பட்ட இலேசான அம்பு, குடலில் பட்ட கனமான அம்பைவிட ஆயிரம் மடங்கு மேல். இலக்கைத் தவறவிடாமல் இருப்பதே முதல் கடமை.

#4 மூங்கிற்கணை

நேர்கோடு சொல்கிற முதல் கடமையை நானும் ஏற்கிறேன். ஆனால் "தேவையில்லாத தலைவலி" என்பதை ஏற்க மாட்டேன். நான் எய்வது லாங்போ, கப்பியில்லாத நெடுவில். என் வில்லில் வேகம் என்ற ஒன்றை நம்பிப் பிழைக்க முடியாது. அம்புதான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும்.

முன்பாரம் நேற்று முளைத்த வழக்கம் அல்ல. நியூ கினியில் இன்றும் இறகே இல்லாத அம்புகளை எய்கிறார்கள். நாணல் தண்டு இலேசானது, அதன் முன்னால் செருகிய கட்டை வைரம்பாய்ந்த மரம். இறகு இல்லாமலே அந்த அம்பு நேராகப் போவதற்குக் காரணம் முழுப் பாரமும் முன்னால் இருப்பதுதான். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட ஏட்சி மனிதனின் அம்புகளில் ஒன்றிலும் வேறு மரத்தாலான முன்தண்டு பொருத்தப்பட்டிருந்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய கைவேலை அது.

இதை முறையாக ஆராய்ந்தவர் எட் ஆஷ்பி. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலியாவில் நீர்எருமைகள் வரை, உண்மையான விலங்குடலில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்தவர். 19 சதவீதத்துக்கு மேல் உள்ளதை மிகை முன்பாரம் என்றும், 30-க்கு மேல் உள்ளதை அதற்கும் மேற்பட்ட வகை என்றும் பிரித்தவர் அவர்தான். மொத்த எடை சமமாக இருந்தாலும் மிகை முன்பாரம் உள்ள அம்பு கூடுதல் ஆழம் போகிறது என்பது அவருடைய முடிவு.

காரணமும் விளங்காத ஒன்றல்ல. முனை உடலில் பட்டதும் அம்பின் முன்பகுதி வேகம் இழக்கிறது; பின்பகுதி இன்னும் அதே வேகத்தில் வந்து தள்ளுகிறது. பாரம் பின்னால் இருந்தால் தண்டு நடுவில் வளைந்து துடிக்கும், காயத்தின் சுவரில் உரசி ஆற்றலை இழக்கும். பாரம் முன்னால் இருந்தால் முனை தண்டைத் தன் பின்னே இழுத்துச் செல்லும். கயிற்றை முன்னின்று இழுத்தால் நேராக வரும், பின்னிருந்து தள்ளினால் சுருளும், அவ்வளவுதான்.

இறகுக்கும் இதனால் நன்மை உண்டு. சமநிலைப் புள்ளி முன்னால் நகர்ந்தால் இறகுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைவெளி கூடுகிறது, நெம்புகோல் நீள்கிறது. சிறிய இறகே பெரிய பிராட்ஹெட்டை அடக்கிவிடும்.

#5 நேர்கோடு

மூங்கிற்கணை அண்ணா, விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் என் ஐயம் அப்படியே இருக்கிறது. வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் முன்பாரம் கூட்டும்போது என்ன செய்கிறார்கள்? மொத்த எடையையும் கூட்டுகிறார்கள், பிராட்ஹெட்டையும் மாற்றுகிறார்கள், அப்போதுதான் வில்லையும் கவனமாகச் சீர்செய்கிறார்கள். பிறகு அம்பு ஆழமாகப் போனால் பெருமை முழுவதும் எஃப்ஓசி-க்குப் போய்விடுகிறது. நான்கை மாற்றிவிட்டு ஒன்றுக்கு மாலை போடுவது சரியான சோதனை ஆகாது. ஆஷ்பி எடையைச் சமமாக வைத்துப் பார்த்திருக்கலாம்; நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

நுரை இலக்கில் எய்து பார்த்து "இவ்வளவு அங்குலம் கூடுதல்" என்று படம் போடுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. நுரை தண்டைச் சுற்றி இறுகப் பிடித்து உராய்வால் நிறுத்துகிறது. உடலில் இரத்தம் வழவழப்புத் தருகிறது, விலா எலும்பு குறுக்கே நிற்கிறது. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குச் சான்றாகாது.

#6 கூர்முனை

நேர்கோடு கேட்பது நியாயமான கேள்வி. முன்பாரத்தின் தனிப் பயனை ஒதுக்கி வைத்துவிட்டு, எடை கூடுவதால் மட்டும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

388 கிரெய்ன் அம்பு விநாடிக்கு 265 அடி போகிறது என்று கொள்வோம். அதே வில்லில் 472 கிரெய்ன் அம்பு சுமார் 242 அடி போகும். இயக்க ஆற்றல் 60.5 அடி-பவுண்டிலிருந்து 61.4 ஆகிறது; ஏறத்தாழ மாற்றமே இல்லை. கனமான அம்பு வில்லின் ஆற்றலைச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்வதால் வருகிற சிறு வேறுபாடு அது. ஆனால் உந்தம் 0.456-இலிருந்து 0.507 ஆகிறது, 11 சதவீதக் கூடுதல். எதிர்ப்பு எவ்வளவு நேரம் இருந்தால் அம்பு நிற்கும் என்பதை உந்தம்தான் சொல்கிறது. தோல், தசை, எலும்பு என்று தொடர்ந்து எதிர்ப்புத் தருகிற உடலில் அந்த 11 சதவீதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். இதற்கு எஃப்ஓசி-யை நம்பவே தேவையில்லை.

இனி தாழ்வு. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டேன். 30 கெஜம் என்று நினைத்து எய்கிறீர்கள், விலங்கு 33 கெஜத்தில் நிற்கிறது. இலேசான அம்பு 2.4 அங்குலம் தாழ்வாகப் படும், கனமான அம்பு 2.9 அங்குலம். வேறுபாடு அரை அங்குலம். 40 என்று நினைத்து 45-இல் நின்றால் 5.6 அங்குலமும் 6.7 அங்குலமும். இங்கே இரண்டுமே மோசம். அந்தத் தவறைக் காப்பாற்றுவது இலேசான அம்பு அல்ல, தூரமானி. 30 கெஜத்துக்குள் எய்கிறவருக்கு, வேக இழப்பைக் காட்டி அச்சுறுத்துவது மிகை என்றே தோன்றுகிறது.

இன்னொன்று. கனமான அம்பு வில்லின் ஓசையைக் குறைக்கிறது. நாணொலி கேட்டுத் துள்ளுகிற விலங்கின்மேல் எய்கிறவர்கள் இதையும் எடை போட வேண்டும்.

#7 காட்டுவழி

இடையில் ஒரு கேள்வி. நான் ஒளிரும் நாக் பயன்படுத்துகிறேன், 25 கிரெய்ன். அது எஃப்ஓசி-யைப் பெரிதாகப் பாதிக்குமா?

#8 கூர்முனை

பாதிக்கும், நினைப்பதைவிட அதிகமாகவே. மேலே கணக்கிட்ட அதே அம்பில் 10 கிரெய்ன் நாக்குக்குப் பதில் 25 போட்டால் எஃப்ஓசி 11.6-இலிருந்து 9.3-க்கு இறங்கிவிடுகிறது. அந்த 15 கிரெய்னை ஈடுசெய்ய முன்னால் ஏறத்தாழ 25 கிரெய்ன் சேர்க்க வேண்டும். முன்பாரம் வேண்டுமென்றால் முதலில் பின்னால் உள்ளதைக் குறைக்கப் பாருங்கள். தண்டைச் சுற்றி ஒட்டுகிற வண்ணத்தாள், நீளமான இறகு இவற்றுக்கும் இதே கணக்குதான். அம்பு விழுந்த இடத்தையும் பட்ட இடத்தையும் காட்டுகிற ஒளிரும் நாக்கை நான் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்து பயன்படுத்துங்கள்.

#9 புதுநாண்

கணக்குகளுக்கு மிக்க நன்றி. அப்படியானால் பித்தளை இன்சர்ட் வாங்கி இதே தண்டில் ஒட்டிவிடலாமா?

#10 பட்டறை

ஒட்ட வேண்டாம். இந்த இழையில் இதுவரை யாரும் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

ஸ்பைன் 400 என்றால், 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் தண்டைக் கிடத்தி நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் 0.400 அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் சிறியதானால் தண்டு விறைப்பானது. இது அசையாமல் கிடக்கும் தண்டின் அளவு. வில்லிலிருந்து புறப்படும்போது நடப்பது வேறு. நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் உள்ள பாரம் நகர மறுக்கிறது, நடுவில் தண்டு வளைகிறது. முன்பாரம் கூடினால் இந்த வளைவும் கூடும். ஒரே தண்டு, ஒரே வில், முன்னால் 84 கிரெய்ன் கூடுதல் என்றால் அந்தத் தண்டு இப்போது தளர்வான தண்டாக நடந்துகொள்ளும். தளர்ந்த தண்டு ஆடிக்கொண்டே போகும். ஆடிக்கொண்டே போகிற அம்பு சாய்வாகப் படும். சாய்வாகப் பட்ட அம்பின் உந்தம் பக்கவாட்டில் வீணாகும். கூர்முனை காட்டிய 11 சதவீதம் அங்கேயே போய்விடும்.

ஆஷ்பி தாம் வரிசைப்படுத்திய பன்னிரண்டு காரணிகளில் எஃப்ஓசி-யை மூன்றாம் இடத்தில்தான் வைத்தார். முதலிடம் அம்பு உடையாமல் இருப்பதற்கு. இரண்டாமிடம் நேராகப் பறப்பதற்கு. அவருடைய பெயரைச் சொல்லி முன்பாரம் ஏற்றுகிறவர்கள் பலர் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றில் போய் நிற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் அதற்கான விலையைக் கொடுப்பது காயப்பட்டு ஓடுகிற விலங்கு.

ஆகவே பாரத்தைத் தண்டின்மேல் ஏற்றாதீர்கள். பாரத்தை முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற தண்டைத் தேடுங்கள். நீங்கள் சொன்ன 60 பவுண்டு, 28 அங்குலம், முன்னால் 200 கிரெய்ன் என்றால் 340-இல் தொடங்கலாம். ஆனால் எல்லாத் தண்டையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். இரண்டு மூன்று தண்டுகள் மட்டும் முழு நீளத்தில் வாங்குங்கள். வெவ்வேறு எடையில் பயிற்சி முனைகள் கிடைக்கின்றன. அவற்றைத் திருகி மாற்றிப் பாருங்கள். இறகில்லாத தண்டையும் இறகுள்ள அம்பையும் ஒரே இலக்கில் எய்யுங்கள். விரலால் நாண் விடுகிற வலக்கை வில்லாளருக்கு, இறகில்லாத தண்டு வலப்பக்கம் போனால் தளர்வு, இடப்பக்கம் போனால் விறைப்பு. உங்களுடையது காம்பவுண்ட், விரலுக்குப் பதில் நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவியும் இருக்கும் என்பதால், இதோடு தாளைக் கட்டி அதன் வழியே எய்து கிழிசலையும் பாருங்கள். ஸ்பைன் ஓரளவு பொருந்திய பிறகு அம்புத் தாங்கியை மிகச் சிறிதாக நகர்த்திச் சரிசெய்யலாம். ஸ்பைன் பொருந்தாத குறையைத் தாங்கியை நகர்த்தி மறைக்கப் பார்க்காதீர்கள்.

தண்டு தளர்வாக இருந்தால் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். நீளம் குறையக் குறைய விறைப்பு கூடும். முன்னால் இன்சர்ட்டை ஒட்டியாகிவிட்டால் பின்னால் நாக் பக்கத்திலிருந்து வெட்டலாம்.

இனி உடைதல். கனமான இன்சர்ட் எலும்பில் மோதும்போது அதன் பின்விளிம்பு மெல்லிய கார்பன் சுவரைப் பிளக்கப் பார்க்கும். அந்த இடத்தைச் சுற்றி வெளியே ஒரு சிறு காலர் (வளையம்) போடுவது நல்லது. துல்லியமாகப் பொருந்துகிற அலுமினியத் தண்டுத் துண்டே போதும், சில கிரெய்ன்கள்தான் கூடும். தண்டின் முகத்தைச் செங்குத்தாகத் தேய்த்து, உட்புறத்தைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்டுங்கள். ஒட்டும்போது நாக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று இன்சர்ட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சூட்டில் இளகும் பசை பயன்படுத்துகிறவர்கள் கார்பனில் நெருப்பைக் காட்டக்கூடாது. முனையைச் சூடாக்கி அந்தச் சூட்டை உள்ளே போகவிட வேண்டும்.

#11 மூங்கிற்கணை

பட்டறை சொன்னது ஒவ்வொன்றும் பொன். மரத்தண்டில் வேலை செய்கிற எங்களுக்குக் காலர் கிடையாது. முன்பகுதியில் கெட்டியான மரத்தை நீண்ட சாய்வில் இணைத்துத் தண்டு செய்கிறோம். பாரமும் வலிமையும் ஒருங்கே வருகின்றன.

ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். காலரோ தண்டோ பிராட்ஹெட்டின் கழுத்தைவிடத் தடிமனாக இருந்தால், அது காயத்தின் விளிம்பில் தட்டி உராயும். கழுத்து சற்றுத் தடிமன், தண்டு சற்று மெலிவு என்றிருப்பது நல்லது. காலரின் முன்விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்.

பன்றிக்கு நான் விரிகிற அலகுகளை எடுப்பதே இல்லை. விரிவதற்கே ஆற்றல் செலவாகிறது. இரண்டு அலகுள்ள, நீளம் கூடி அகலம் குறைந்த நிலையான பிராட்ஹெட் போதும். ஒருபுறம் மட்டும் சாணை பிடித்த அலகு என்றால் அது சுழலும் திசையும் இறகின் திருக்கும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். உள்ளே ஒன்றையொன்று எதிர்த்தால் பயன் இல்லை. விளிம்பு முன்கை மயிரை மழிக்கும் அளவுக்குக் கூராக இருக்கட்டும். மழுங்கிய அலகு இரத்தக் குழாயை ஒதுக்கிவிட்டுப் போகும், கூரான அலகு அறுக்கும்.

#12 நேர்கோடு

எடையைப் பற்றிக் கூர்முனை தந்த எண்கள் நேர்மையானவை. 30 கெஜத்துக்குள் அரை அங்குல வேறுபாட்டுக்காக நான் வாதாட மாட்டேன். பன்றிக்கு 470, 480 கிரெய்ன் என்பதை ஏற்கிறேன். ஆனால் 650 கிரெய்ன், 30 சதவீதம் என்று எல்லோரையும் இழுக்கிற போக்கை எதிர்க்கிறேன். 650 என்பது கனத்த எலும்பைப் பிளப்பதற்கென்று ஆஷ்பி காட்டிய எல்லை. எருமைக்கு அது பொருந்தும். 60 பவுண்டு வில்லில் அதை வைத்து 40 கெஜத்தில் மானை எய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்த வெளியில் எய்ய வேண்டியவரின் தேவை வேறு, அடர்ந்த புதரில் 15 கெஜத்தில் எய்கிறவரின் தேவை வேறு.

புதுநாண், ஒன்றை மறக்காதீர்கள். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கின்றன. மானுக்குப் பழகிய கண் பன்றியில் பின்னால் தள்ளி எய்யும். அம்பை மாற்றுவதற்கு முன் அந்த உடலமைப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

#13 மூங்கிற்கணை

மானுக்கு 650 தேவையில்லை என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் மிகை முன்பாரத்துக்கு 650 வேண்டும் என்பதும் இல்லை. இலேசான தண்டு, சிறிய இறகு என்று எடுத்துக்கொண்டால் 500-க்கு அருகிலேயே 20 சதவீதம் வந்துவிடும். தண்டு இலேசாகவும் விறைப்பாகவும் ஒருசேர அமைய வேண்டும், அது மட்டுமே சிக்கல்.

#14 மட்டுறுத்துநர்

அம்பின் குறைந்தபட்ச எடை, வில்லின் குறைந்தபட்ச இழுவிசை, அலகின் அகலம், ஒளிரும் நாக் ஆகியவற்றுக்கு இடத்துக்கு இடம் விதிகள் வேறு. வில்வேட்டையே அனுமதிக்கப்படாத நாடுகளும் உண்டு. அவரவர் உரிமத்தோடு வருகிற விதிகளைப் படித்துவிட்டு அம்பைக் கட்டுங்கள்.

#15 புதுநாண்

எல்லோருக்கும் நன்றி. என் முடிவு இது. 400 தண்டுகள் மானுக்கு அப்படியே இருக்கட்டும். 340 தண்டு மூன்று வாங்கி, 100 கிரெய்ன் பித்தளை இன்சர்ட்டோடு 100, 125 என்று இரண்டு முனைகளிலும் எய்து பார்க்கப் போகிறேன். 480 முதல் 510 கிரெய்னுக்குள், எஃப்ஓசி 18-ஐ ஒட்டி வரும் என்று கணக்கு காட்டுகிறது. எது நேராகப் பறக்கிறதோ அதற்குக் காலர் போட்டு மீதியைக் கட்டுவேன். பன்றியில் 25 கெஜத்துக்கு மேல் எய்வதில்லை.

#16 பட்டறை

நல்ல திட்டம். மூன்று குறிப்புகள் சேர்க்கிறேன். பயிற்சி முனையில் சரியாகப் பறந்த அம்பு பிராட்ஹெட்டிலும் அப்படியே பறக்கும் என்று எண்ணாதீர்கள். அதே எடையுள்ள பிராட்ஹெட்டைத் திருகி, இரண்டும் ஒரே இடத்தில் படும்வரை சரிசெய்யுங்கள். ஒவ்வோர் அம்பையும் முனையின்மேல் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். இன்சர்ட் சிறிது சாய்ந்திருந்தாலும் நடுக்கம் தெரியும், அந்த அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். கடினமான எதிலாவது பட்ட கார்பன் அம்பை மறுபடி நாணில் வைக்கும் முன் வளைத்துப் பார்த்து, காது கொடுத்து, இன்சர்ட்டின் பின்னால் விரலால் தடவி வெடிப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். கனமான முன்பாரம் உள்ள அம்பில் வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். காலர் அதை மறைத்துவிடக்கூடும் என்பதால் காலரின் பின்விளிம்பையும் பாருங்கள்.